சீன மலைநீர் ஓவியம் கற்பிக்கப்பட்ட வரலாறு

தூரிகையும் மையும் கொண்டு மலை, நீர், மரம், பாறை, மூடுபனி ஆகியவற்றைத் தாளிலோ பட்டிலோ தீட்டும் சீன மரபு 'ஷான்ஷூய்' எனப்படுகிறது. 'ஷான்' என்றால் மலை, 'ஷூய்' என்றால் நீர். 10-ஆம் நூற்றாண்டை ஒட்டி முதிர்ந்த வடிவம் பெற்ற இம்மரபு இன்றும் சீனாவில் கற்பிக்கப்படுகிறது. இதை ஒருவர் எப்படிக் கற்றார் என்ற கேள்விக்குப் பல நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்ட விடை, முன்னோர் தீட்டியதைப் பார்த்துத் தானும் தீட்டுவது என்பதே. பார்ப்பதற்கு மூல ஓவியம் வேண்டும். அது யார் வீட்டுப் பேழையில் இருந்தது, யாருக்குத் திறந்து காட்டப்பட்டது என்பதே யார் ஓவியராக முடியும் என்பதையும் பெருமளவு தீர்மானித்தது. 1679-இல் நான்ஜிங் நகரில் வெளியான ஓர் அச்சுநூல் அந்தப் பேழையை எல்லோருக்கும் திறந்தது. அதற்கு அக்கலை கொடுத்த விலை என்ன என்பது 20-ஆம் நூற்றாண்டு வரை சர்ச்சையாக நீடித்தது.

கருவிகளும் முதல் பாடமும்

இக்கலைக்கு வேண்டியவை தூரிகை, மைக்கட்டி, மைக்கல், தாள் ஆகிய நான்கே. எரித்த பைன் மரத்தின் புகைக்கரியையோ எண்ணெய் விளக்கின் புகைக்கரியையோ விலங்குப் பசையுடன் பிசைந்து அச்சில் இட்டு உலர்த்தியது மைக்கட்டி. அதை மைக்கல்லின் மேல் சிறிது நீர் விட்டுச் சந்தனம் உரைப்பதுபோல் உரைத்தால் மை கிடைக்கும். நீரின் அளவை மாற்றினால் கருமையிலிருந்து வெளிர்சாம்பல் வரை பல சாயல்கள் வரும். தூரிகைகளில் ஆட்டுமயிரால் ஆனவை மென்மையானவை, நீரை நிறையப் பிடித்துக்கொள்பவை. 'ஓநாய் மயிர்' எனப் பெயர் பெற்றவை விறைப்பானவை. பெயர் அப்படி இருந்தாலும், அது கீரியை ஒத்த ஒரு சிறு விலங்கின் வால் மயிர்தான்.

தாள்களில் புகழ்பெற்றது அன்ஹுய் மாநிலத்தின் ஜிங் வட்டாரத்தில் செய்யப்படும் சுவான் தாள். இதன் கைவினை 2009-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. படிகாரமும் பசையும் பூசாத பச்சைச் சுவான் தாள் மையை உடனே உறிஞ்சிவிடும். தூரிகை ஒரு கணம் தயங்கி நின்றால் அந்த இடத்தில் மை ஊறிப் பரவும். அழிக்கவும் முடியாது, மேலே பூசி மறைக்கவும் முடியாது. ஆகவே மாணவனின் முதல் பாடம் மலை அன்று, கோடு. தூரிகையின் நுனியைக் கோட்டின் நடுவில் செலுத்துவது, சாய்த்துப் பக்கவாட்டில் இழுப்பது, அழுத்துவது, தூக்குவது என எல்லாமே எழுத்துக்கலையில் ஏற்கெனவே பழகியவை. படித்த சீனர் ஒருவர் ஓவியம் கற்கத் தொடங்கும்போது அவர் கை பத்தாண்டுகளாவது தூரிகை பிடித்திருக்கும். இந்த முன்பயிற்சியை இன்றைய மாணவர்கள் தனியாகத் தேடிப் பெற வேண்டியிருக்கிறது.

கோட்டுக்கு அடுத்தது பாறையின் மேற்பரப்பைக் காட்டும் 'சுன்' எனப்படும் தீற்றல்கள். சணல்நார்போல் நீண்டு இழையும் தீற்றல், கோடரி வெட்டியதுபோல் பட்டையான தீற்றல், மழைத்துளிபோல் குத்திய தீற்றல், தாமரை இலை நரம்புபோல் பிரியும் தீற்றல் எனப் பல வகைகள் பெயரிடப்பட்டன. ஒவ்வொன்றும் ஒரு பழைய ஓவியரின் பெயரோடு பிணைந்தது. மண் மூடிய தென்னாட்டு மலைகளைத் தீட்டிய தோங் யுவானுக்கும் சூரானுக்கும் சணல்நார். வறண்ட வடநாட்டுப் பாறைகளைத் தீட்டிய ஃபான் குவானுக்கு மழைத்துளி. லீ தாங்குக்கும் அவர் வழிவந்த மா யுவான், சியா குயி ஆகியோருக்கும் கோடரி வெட்டு. ஒரு தீற்றலைக் கற்பது ஒரு முன்னோரைக் கற்பதாகவே இருந்தது.

மலையா, முன்னோரா?

படியெடுத்தல் மிகப் பழைய காலத்திலேயே கோட்பாட்டில் இடம்பெற்றுவிட்டது. 6-ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த சியே ஹே வகுத்த ஓவியத்தின் ஆறு விதிகளில் முதலாவது உயிர்த்துடிப்பு. ஆறாவது, முன்னோர் ஓவியங்களைப் படியெடுத்து அடுத்த தலைமுறைக்குக் கடத்துவது. 847-இல் ஓவிய வரலாறு ஒன்றை எழுதி முடித்த சாங் யான்யுவான், ஓவிய ஆர்வலர்கள் மெழுகு பூசிய தாள்களை ஒற்றி வரைவதற்காகத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று அறிவுறுத்துகிறார். புகைப்படம் இல்லாத காலத்தில் பட்டும் தாளும் நைந்து போகும் முன் ஓவியத்தைக் காப்பாற்ற வேறு வழி இல்லை. இன்று 4-ஆம் நூற்றாண்டின் கூ காய்ச்சியின் பெயரால் அறியப்படும் சுருள்களும் பிற்காலப் படிகளாகவே கருதப்படுகின்றன.

ஆயினும் மலையை நேரில் காண வேண்டும் என்ற குரலும் அதே அளவு பழையது. சோங் பிங் (375–443) தாம் சுற்றித் திரிந்த மலைகளை, முதுமையும் நோயும் வந்தபின் அறைச் சுவர்களில் தீட்டிவைத்து, படுத்தபடியே அவற்றில் உலவினார். தாங் பேரரசு சிதைந்த காலத்தில் தாய்ஹாங் மலையில் ஒதுங்கி வாழ்ந்த சிங் ஹாவ், தூரிகை முறை பற்றிய நூலில், ஓர் இளைஞன் மலையில் கண்ட முதிய பைன் மரங்களைப் பல்லாயிரம் முறை வரைந்த பின்னரே அவை உண்மையாக அமைந்ததாகக் கூறுகிறார். அந்நூலில் இளைஞனுக்கு ஒரு முதியவர் கற்பிப்பது, உருவ ஒப்புமை வேறு, உண்மை வேறு என்பதை. உருவம் பொருந்தியும் உயிர் இல்லாத ஓவியம் உண்டு என்கிறார் அவர்.

ஃபான் குவான் முதலில் லீ செங் என்னும் ஓவியரின் பாணியைப் பின்பற்றினார். பிறகு, மனிதரிடம் கற்பதைவிட மலையிடம் கற்பது மேல், அதைவிடத் தன் உள்ளத்திடம் கற்பது மேல் என்று உணர்ந்து மலைகளில் தங்கினார் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. அவரது 'மலை ஓடைகளினூடே பயணிகள்' என்னும் தொங்கு சுருள் தாய்ப்பேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது. உயரம் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். அதில் மூன்றில் இரண்டு பங்கை ஒரே மலை அடைத்து நிற்க, அதன் அடிவாரத்தில் பொதிவிலங்குகளை ஓட்டிச் செல்வோர் எறும்பளவில் தெரிகிறார்கள். இலைகளுக்கு நடுவே ஒளிந்திருந்த அவரது கையெழுத்து 1958-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஒன்பது நூற்றாண்டுகள் அவ்வோவியத்தைப் பார்த்துப் படியெடுத்தவர்கள் எவரும் அதைக் குறிப்பிடவில்லை என்பது வியப்பானது.

குவோ ஷி, 1072-இல் 'இளவேனில் தொடக்கம்' என்ற ஓவியத்தைத் தீட்டியவர். அவரது கருத்துகளை மகன் குவோ ஸி நூலாகத் தொகுத்தார். மலையடியிலிருந்து உச்சியை அண்ணாந்து நோக்குவது, முன்மலையிலிருந்து பின்மலையை ஊடுருவி நோக்குவது, அருகிலிருந்து தொலைமலையைச் சமமாக நோக்குவது என மூன்று தொலைவுகளை அந்நூல் வகுக்கிறது. இந்தப் பகுப்பு இன்றும் முதலாண்டு மாணவருக்குச் சொல்லித் தரப்படுகிறது. ஒரே ஆசானைப் பிடித்துக்கொள்வதையும் குவோ ஷி கண்டித்தார். ஒரு வட்டாரத்தார் லீ செங்கையே பின்பற்றுகிறார்கள், இன்னொரு வட்டாரத்தார் ஃபான் குவானையே பின்பற்றுகிறார்கள் என்பது அவர் குறை. படியெடுத்தல் ஓர் ஊரையே ஒரே அச்சில் வார்த்துவிடும் என்ற கவலை 11-ஆம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டது.

அதற்கு அடுத்த தலைமுறையில் பேரரசர் ஹுய்சோங் 1104-இல் அரசு சார்ந்த ஓவியப் பள்ளி ஒன்றை நிறுவினார். அப்பள்ளியில் பயின்று, பின் பேரரசரிடமே நேரடியாகக் கற்றவர் வாங் சிமெங். 18 வயதில் ஏறத்தாழ பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள 'ஆறுகளும் மலைகளும் ஆயிரம் லீ' என்ற சுருளை அரையாண்டுக்குள் முடித்தார் என்று அதில் உள்ள 1113-ஆம் ஆண்டுக் குறிப்பு சொல்கிறது. இது நீலமும் பச்சையும் மிகுந்த வண்ண ஓவியம். மை ஓவியம் பிற்காலத்தில் அரண்மனைக்கு வெளியே, தொழில்முறை ஓவியர் அல்லாத அறிஞர்களின் கைக்கு மாறியது. அதனோடு பள்ளி என்ற அமைப்பும் பின்னுக்குச் சென்றது. ஆசான், நண்பர், சேகரிப்பாளர் வீடு என்ற வட்டம் அந்த இடத்தைப் பிடித்தது.

படியெடுத்தலின் வகைகள்

தமிழில் 'படியெடுத்தல்' என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படுவதற்குச் சீன மொழியில் பல சொற்கள் உண்டு. மூலத்தின்மேல் மெல்லிய தாளை வைத்து ஒற்றி வரைவது 'மோ'. மூலத்தை அருகில் வைத்துக் கண்ணால் பார்த்துக் கையால் வரைவது 'லின்'. மூலத்தை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து வரைவது 'பெய்லின்'. ஒரு முன்னோரின் முறையை எடுத்துக்கொண்டு புதிய காட்சியைத் தன் போக்கில் அமைப்பது 'ஃபாங்'. மாணவன் இவ்வரிசையில் முன்னேறினான். கீர்த்தனையைப் பாடம் பண்ணிய இசை மாணவர் அதே பாட்டை மேடையில் தம் குரலில் விரிப்பதோடு 'ஃபாங்'கை ஒப்பிடலாம். 'இன்னாரின் முறையில் தீட்டியது' என்று ஓவியத்தின் மேலேயே எழுதிவைப்பது அங்கே பணிவும் பெருமையும் கலந்த செயல்.

இவ்வகைகள் எல்லாம் ஒரே ஓவியத்தைச் சுற்றி நிகழ்ந்ததைக் காண ஹுவாங் கோங்வாங்கின் (1269–1354) 'ஃபுசுன் மலைவாழ்வு' உதவுகிறது. 1347-இல் தொடங்கிய இச்சுருளில் அவர் மூன்று நான்கு ஆண்டுகள் சிறிது சிறிதாக வேலை செய்தார். தூரிகையைப் பையில் எடுத்துச் சென்று விந்தையான மரங்களைக் கண்ட இடத்திலேயே வரைந்துகொள்ளும்படி கற்போருக்கு அறிவுரை எழுதியவரும் இவரே. ஒரு நூற்றாண்டுக்குப் பின் அச்சுருள் ஷென் ஜோவ் (1427–1509) கைக்கு வந்தது. ஒருவரிடம் அதில் குறிப்பெழுதக் கொடுத்தபோது அவர் மகன் அதை விற்றுவிட்டான். அது மீண்டும் சந்தைக்கு வந்தபோது வாங்கும் அளவுக்கு ஷென் ஜோவிடம் பணம் இல்லை. 1487-இல் அவர் முழுச் சுருளையும் நினைவிலிருந்து தீட்டினார். அந்தப் படி இப்போது பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மலைத்தொடரின் வரிசை மூலத்தோடு பொருந்துகிறது. கோடுகள் ஷென் ஜோவுடையவை. மூலத்தைக் கையிலிருந்து இழந்தவர் அதை எவ்வளவு உள்வாங்கியிருந்தார் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

1650-இல் அன்றைய உரிமையாளர் மரணப் படுக்கையில் மூலச்சுருளைத் தம்மோடு எரிக்கச் சொன்னார். உறவினர் ஒருவர் அதை நெருப்பிலிருந்து இழுத்தார். அதற்குள் அது இரண்டாகிவிட்டது. சிறு துண்டு இன்று சேஜியாங் மாநில அருங்காட்சியகத்திலும், ஆறு மீட்டருக்கு மேற்பட்ட பெருந்துண்டு தாய்ப்பேயிலும் உள்ளன. 2011-இல் இரண்டும் தாய்ப்பேயில் சேர்த்துக் காட்சிக்கு வைக்கப்பட்டன. நடுவில் ஒரு வேடிக்கையும் நடந்தது. பேரரசர் சியான்லோங் 1745-இல் இதன் ஒரு படியை மூலம் என நம்பி வாங்கி, அதன் வெற்றிடங்களில் 50-க்கும் மேற்பட்ட குறிப்புகளை எழுதி நிரப்பினார். மறு ஆண்டு உண்மையான சுருள் வந்தபோது அதைப் படி என்று தீர்ப்பளித்து ஒதுக்கிவைத்தார். பேரரசரின் தவறான தீர்ப்பால் மூலம் அவருடைய எழுத்துக்குத் தப்பித்தது.

திறந்த கதவுகளும் மூடிய கதவுகளும்

மிங் காலத்தின் இறுதியில் தோங் சிசாங் (1555–1636) கற்றலுக்கு ஒரு வம்சாவளியை வகுத்தார். பௌத்த தியான மரபின் பிரிவுகளைப் போல ஓவியத்திலும் வடக்கு, தெற்கு என இரு வழிகள் உண்டு. அறிஞர்களின் தெற்கு வழியே கற்கத்தக்கது என்றார். ஆயிரக்கணக்கான நூல்களைப் படிக்கவும் நெடுந்தொலைவு பயணம் செய்யவும் வேண்டும் என்பதும் அவர் வலியுறுத்தியது. இந்தப் பாடத்திட்டம் அழகானது. ஆனால் யாருக்குக் கட்டுப்படியாகும்? தோங் சிசாங் உயர் அதிகாரி. அவரே பெரும் சேகரிப்பாளர், பிறர் சேகரிப்புகளும் அவருக்குத் திறந்தன. அவர் மாணவர் வாங் ஷிமின் (1592–1680) அமைச்சர் குடும்பத்தில் பிறந்து சோங், யுவான் காலச் சுருள்களுக்கு நடுவே வளர்ந்தவர்.

அந்த வாசலுக்கு வெளியே இருந்தவருக்கு என்ன வழி என்பதை வாங் ஹுய் (1632–1717) கதை காட்டுகிறது. சாங்ஷு ஊரில் எளிய ஓவியர் குடும்பத்தில் பிறந்த அவரை 1651-இல் வாங் ஜியான் என்ற ஓவியர் கண்டெடுத்து வாங் ஷிமினிடம் சேர்த்தார். வாங் ஷிமின் தம் சேகரிப்பைத் திறந்துவிட்டதோடு, பிற சேகரிப்பாளர் வீடுகளுக்கும் இளைஞரைக் கூட்டிச் சென்றார். பிற்காலத்தில் பேரரசர் காங்சியின் தென்னாட்டுப் பயணத்தைச் சித்திரித்த பெருஞ்சுருள்களை மேற்பார்வையிடும் அளவுக்கு வாங் ஹுய் உயர்ந்தார். கண்டெடுக்கப்படாதவர்களின் பெயர்கள் வரலாற்றில் இல்லை.

கடுகுவிதைத் தோட்ட நூல்

இந்த இடைவெளியை நிரப்பியது 'கடுகுவிதைத் தோட்ட ஓவிய நூல்'. நாடக ஆசிரியரும் பதிப்பாளருமான லீ யூ நான்ஜிங்கில் வைத்திருந்த தோட்ட வீட்டின் பெயர் அது. கடுகளவு சிறியது என்பதால் அப்பெயர். நோய்வாய்ப்பட்டு வெளியே செல்ல இயலாதிருந்த லீ யூ, மலைநீர் ஓவியத்துக்குக் கற்பிக்கும் நூல் ஏதும் இல்லையா என்று மருமகன் ஷென் சின்யூவிடம் கேட்டார். ஷென் தம் குடும்பத்தில் இருந்த பழைய பாட ஏடுகளை எடுத்து வந்தார். அவை லீ லியூஃபாங் (1575–1629) என்னும் ஓவியர் கற்பிப்பதற்காக வரைந்தவை, 43 பக்கங்கள். ஷென் அவற்றை வாங் கய் என்ற ஓவியரிடம் கொடுத்திருந்தார். வாங் கய் மூன்றாண்டுகள் உழைத்து 133 பக்கங்களாக விரித்திருந்தார். லீ யூவின் முன்னுரையோடு 1679-இல் நூல் அச்சேறியது. மறு ஆண்டு லீ யூ இறந்தார். பூக்கள், மூங்கில், பறவைகள் பற்றிய அடுத்த பகுதிகள் 1701-இல் வந்தன.

வாங் கய் நான்ஜிங்கின் கோங் சியானிடம் பயின்றவர் எனக் கூறப்படுகிறது. கோங் சியான் மாணவர்களுக்காக வரைந்த பாட ஏடுகள் சில இன்றும் உள்ளன. மரத்தின் தண்டை எங்கே தொடங்குவது, முதல் கிளை எப்பக்கம் போக வேண்டும், இரண்டாம் மரம் முதலாவதைப் பார்த்து எப்படிச் சாய வேண்டும் என்று படத்துக்குப் பக்கத்திலேயே எழுதிக் காட்டுபவை அவை. ஆசான் கையால் வரைந்து ஒரு மாணவனுக்குக் கொடுத்த அத்தகைய ஏட்டை ஆயிரம் பேருக்கு அச்சிட்டுக் கொடுத்ததே கடுகுவிதை நூலின் புதுமை எனலாம்.

நூலின் மலைநீர்ப் பகுதி ஐந்து தொகுதிகளைக் கொண்டது. கோட்பாடும் வண்ணமும் முதலில், பின் மரங்கள், பின் மலைகளும் பாறைகளும், பின் மனிதரும் வீடுகளும், இறுதியில் முழு ஓவிய மாதிரிகள். மரம் ஒன்றில் தொடங்கி, இரண்டு, மூன்று, ஐந்து என்று கூடிச் செல்கிறது. ஐந்து மரங்களைச் சேர்க்கத் தெரிந்தவனுக்குக் காடு கடினமில்லை. இரண்டு மரங்கள் என்றால் ஒன்று முதியதாகவும் மற்றது இளையதாகவும் இருக்க, பெரியவரும் பிள்ளையும் நிற்பதுபோல் அவற்றுக்குள் ஓர் உறவு தெரிய வேண்டும். இலைகளுக்கு மிளகுப் புள்ளி, எலிக்காற் புள்ளி, செவ்வந்திப் புள்ளி என்று பெயர்கள் உண்டு. பாறைக்கு மூன்று முகங்கள் உண்டு என்பது அடிப்படைப் பாடம். தீற்றல்களும் ஆசான்களின் பெயரோடு வரிசையாகக் காட்டப்பட்டன. ஊரில் ஆசான் இல்லாதவர், மூலச்சுருள் ஒன்றைக்கூட வாழ்நாளில் பார்க்காதவர், இதை விரித்து வைத்துக் கற்கத் தொடங்க முடிந்தது. நூல் ஜப்பானுக்கும் சென்று 18-ஆம் நூற்றாண்டில் அங்கே மறுபதிப்பானது. இகே நோ தாய்கா, யோசா பூசோன் போன்ற அறிஞர் ஓவியர்களின் காலத்து ஜப்பான் தென்வழிச் சீன ஓவியத்தை அறிந்தது பெரும்பாலும் இத்தகைய அச்சுநூல்கள் வழியாகவே.

இழப்பும் இருந்தது. மரக்கட்டையில் செதுக்கும் உளி, கோட்டின் இரு கரைகளைக் காட்டும். கோடு ஓடிய வேகத்தைக் காட்டாது. வறண்ட தூரிகை தாளைத் தொட்டும் தொடாமலும் செல்லும்போது நடுவில் தோன்றும் வெண்மை, ஈரம் ஊறிய விளிம்பு, ஒரே தீற்றலில் கருமை மெல்ல வெளிறுவது ஆகிய எதையும் கட்டையால் முழுமையாகச் சொல்ல முடியாது. முதல் பதிப்பின் செதுக்கர்கள் வண்ணக் கட்டைகளைக் கொண்டு இயன்றதைச் செய்தார்கள். பிற்காலப் பதிப்புகள் தேய்ந்த படங்களைப் பார்த்து மீண்டும் செதுக்கப்பட்டவை. அவற்றில் கற்றவருக்குச் சணல்நார்த் தீற்றல் ஒரு கை அசைவாக இன்றி ஒரு வடிவமாகவே கிடைத்தது. மாணவர் மலையைப் பார்ப்பதற்கு முன்பே பதினைந்து வகை மலைகளை மனப்பாடம் செய்துவிட்டார்.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் ஷிதாவ் (1642–1707) முற்றிலும் எதிர்த்திசையில் நின்றார். முன்னோரின் தாடியும் புருவமும் தன் முகத்தில் வளரா என்பது அவர் வாதம். 1691-இல் தீட்டிய ஒரு சுருளுக்கு, விந்தைச் சிகரங்களை எல்லாம் தேடிப் பார்த்து வரைவுகளாக்குவது என்ற பொருளில் பெயரிட்டார். விதியின் முரண், 20-ஆம் நூற்றாண்டில் மிக அதிகமாகப் போலி செய்யப்பட்டவர்களில் அவரும் ஒருவர். சாங் தாச்சியான் (1899–1983) இளமையில் ஷிதாவைப் படியெடுத்துக் கற்றது எவ்வளவு ஆழமாக இருந்ததென்றால், அவர் செய்த 'ஷிதாவ்' ஓவியங்களை நிபுணர்களே மூலம் என்று ஏற்றனர்.

தச்சரின் விளக்கு

கடுகுவிதை நூலை இகழ்வது பிற்காலத்தில் வழக்கமாயிற்று. அப்படி இகழ்பவர்கள் ஹுனான் மாநிலத்துச் சியாங்தான் கிராமத்துத் தச்சர் ஒருவரை நினைவில் கொள்ள வேண்டும். வறுமையால் பள்ளிப் படிப்பு ஓராண்டு கூட நிலைக்காத சீ பாய்ஷி (1864–1957) கட்டில், பேழைகளில் பூவேலை செதுக்கிப் பிழைத்தார். 1882-இல் வேலைக்குப் போன ஒரு வீட்டில் கடுகுவிதை நூலின் பழைய பிரதியைக் கண்டார். ஒரு தொகுதி குறைந்திருந்தது. இரவல் வாங்கி வந்து, பகல் வேலை முடிந்த பின் இரவில் பைன் விறகு வெளிச்சத்தில் அரையாண்டு காலம் ஒவ்வொரு பக்கமாக ஒற்றி வரைந்தார். அவற்றைக் கட்டியபோது 16 ஏடுகள் வந்தன. அதன்பின் அவர் செதுக்கிய பூவேலையில் மனித உருவங்களின் அளவுகள் சரியாக அமைந்தன. மெல்ல உளியை விட்டுத் தூரிகைக்கு மாறினார். வாங் ஹுயைப்போல் அவரை அழைத்துச் செல்ல அமைச்சர் வீட்டுப் பேழை எதுவும் இருக்கவில்லை. அச்சுநூல் இல்லையென்றால் 20-ஆம் நூற்றாண்டுச் சீனாவின் மிகப் புகழ்பெற்ற மை ஓவியர் ஒரு நல்ல தச்சராகவே இருந்திருப்பார்.

கோட்டோவியச் சண்டை

புகைப்பட அச்சு வந்தபோது மூலங்கள் பற்றிய நிலை மாறத் தொடங்கியது. 1908 முதல் ஷாங்காயில் வெளியான ஒரு தொகுப்பு வரிசை பழைய ஓவியங்களைப் புகைப்பட முறையில் அச்சிட்டது. மலைநீர் ஓவியர் ஹுவாங் பின்ஹோங் (1865–1955) அதில் பணியாற்றினார். 1925-இல் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பேரரசரின் பேழை முதன்முறையாகப் பொதுமக்களுக்கு விரிந்த அதே தலைமுறையில், அந்தப் பேழையில் இருந்ததைக் கற்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியும் எழுந்தது.

சென் துசியூ 1919-இல் 'புதிய இளைஞர்' இதழில், வாங் ஹுய் முதலியோரின் படியெடுக்கும் மரபைக் கவிழ்க்காமல் சீன ஓவியத்தைத் திருத்த முடியாது என்று எழுதினார். இக்குற்றச்சாட்டில் அரசியல் கோபம் மிகுதி. 'ஃபாங்' என்பதை வெறும் நகலாகக் கண்டது நியாயமும் அன்று. ஆனால் அலுப்பு உண்மையானது. இருநூறு ஆண்டுகளாக ஒரே மலைகள் தீட்டப்பட்டிருந்தன. பாரிஸில் பயின்று 1927-இல் திரும்பிய சூ பெய்ஹோங் (1895–1953), நேரில் கண்டு வரையும் மேலைநாட்டுக் கோட்டோவியமே எல்லா ஓவியத்துக்கும் அடித்தளம் என்றார். 1939–40-இல் தாகூரின் அழைப்பில் சாந்திநிகேதனில் தங்கியவரும் இவரே. பைத்தியக்காரக் கிழவன் மலையைப் பெயர்க்கும் பழங்கதையை இந்திய மாதிரிகளைக் கொண்டு இந்தியாவில்தான் தீட்டினார். 1947-இல் பேய்ப்பிங் கலைக் கல்லூரியில் அவர் சீன ஓவிய மாணவருக்கும் கோட்டோவியத்தைக் கட்டாயமாக்கியபோது, சீன ஓவியப் பேராசிரியர் மூவர் வகுப்பெடுக்க மறுத்தனர். சண்டை செய்தித்தாள்களுக்கும் போனது.

சண்டையின் சாரம் எளியது. கரித்துண்டால் ஒளியும் நிழலும் பழகிய கை, பின்பு தூரிகையைப் பிடித்தால் நிழலைத்தான் நிரப்பும், கோட்டை எழுதாது. மரபாளர் அஞ்சியது இதை. மறுபக்கம், மலையையே பாராத கை எத்தனை நல்ல கோடு எழுதினாலும் யாருக்கு என்று கேட்டது.

1949-க்குப் பிறகு அரசு சூ பெய்ஹோங் பக்கம் சாய்ந்தது. மக்களைச் சித்திரிக்கும் மனித உருவ ஓவியம் முன்னே வந்தது. மலைநீர், பயனற்ற பழைய மேட்டுக்குடிக் கலையாக ஓரங்கட்டப்பட்டது. 1954-இல் லீ கெரான் (1907–1989) நண்பர்கள் இருவருடன் தென்னாட்டில் மூன்று மாதங்கள் சுற்றி, மை, தூரிகையோடு காட்சியின் முன்பே உட்கார்ந்து தீட்டினார். அவர் சீ பாய்ஷி, ஹுவாங் பின்ஹோங் இருவரிடமும் கற்றவர். மரபுக்குள் முழுப் பலத்தோடு நுழைந்து, முழுத் துணிவோடு வெளிவர வேண்டும் என்பது அவர் கொள்கை. 1960-இல் ஃபு பாவ்ஷி தலைமையில் ஜியாங்சு ஓவியர்கள் ஆறு மாநிலங்களில் மூன்று மாதம் பயணம் செய்தனர். அணைகளும் ஆலைகளும் மலைநீர் ஓவியத்துக்குள் நுழைந்தன. சில பொருந்தின, பல, பழைய மலைமேல் ஒட்டிய புகைபோக்கிகளாகவே நின்றன.

ஹாங்சோவில் பான் தியான்ஷோ (1897–1971) மறுபக்கத்தைக் காத்தார். அவரும் சிறுவயதில் கடுகுவிதை நூலைப் பார்த்துத் தானே கற்கத் தொடங்கியவர். மனித உருவம், மலைநீர், பூவும் பறவையும் ஆகிய மூன்றும் வெவ்வேறு அடித்தளம் வேண்டுபவை. எல்லோருக்கும் ஒரே கோட்டோவியப் பாடம் பொருந்தாது என்றார். 1960-களின் தொடக்கத்தில் அவர் கல்லூரியில் மூன்றும் தனிப் பிரிவுகளாயின; எழுத்துக்கலையும் பாடமானது. ஆசிரியராகச் சேர்ந்த லூ யான்ஷாவ் (1909–1993) மாணவர் தம் நேரத்தைப் பத்துப் பங்காக்கி நான்கை வாசிப்புக்கும், மூன்றை எழுத்துக்கலைக்கும், மூன்றை மட்டுமே ஓவியத்துக்கும் தர வேண்டும் என்று சொல்லிவந்தார். கலாசாரப் புரட்சி வந்தபோது பான் தியான்ஷோ பொதுமேடைகளில் இழிவுபடுத்தப்பட்டு, 1971-இல் இறந்தார்.

1970-களின் இறுதியில் வகுப்புகள் மீண்டன. இன்று சீனக் கலைக் கல்லூரிகளின் மலைநீர்ப் பிரிவுகளில் படியெடுத்தல், நேரில் கண்டு வரைதல், சொந்தப் படைப்பு என்ற மூன்று கட்டங்களும் அடுத்தடுத்து வருகின்றன. இரு தரப்பும் பாதி வென்றதாகக் கொள்ளலாம். படியெடுக்கப் பயன்படுபவை மரக்கட்டை அச்சுகள் அல்ல. ஜப்பானின் நிகென்ஷா நிறுவனம் தாய்ப்பே அருங்காட்சியக ஓவியங்களை மூல அளவிலேயே, பட்டின் இழையும் மையின் சாயலும் தெரிய அச்சிட்டது. ஃபான் குவானின் மலையை இரண்டு மீட்டர் உயரத்தில் சுவரில் மாட்டி, மழைத்துளித் தீற்றலை ஒவ்வொன்றாக எண்ணிப் பழகும் வசதி இப்போது முதலாண்டு மாணவருக்குக் கிடைக்கிறது. வாங் ஹுய் அதற்காக ஊர் ஊராகச் சேகரிப்பாளர் வாசலில் காத்திருக்க வேண்டியிருந்தது.